தீவிர உடற்பருமனில் எடை குறைப்பு: எவ்வளவு குறைந்தால் என்ன நன்மை?

டிர்செபடைடு என்னும் ஊசி மருந்து 2025 மார்ச் மாதம் மவுன்ஜாரோ என்ற வணிகப் பெயரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் செமாகுளூட்டைடு என்னும் மருந்து, எடை குறைப்புக்கான வெகோவி ஊசியாக வந்தது. செமாகுளூட்டைடின் முதன்மைக் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் மாதத்துடன் முடிவுறுவதை முன்னிட்டு, உள்நாட்டு நிறுவனங்கள் பலவும் அதனைக் குறைந்த விலையில் தயாரிக்க ஆயத்தமாயின. செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் இம்மருந்துகள் பேசப்படாத வாரமே இல்லை எனலாம். புறநோயாளிப் பிரிவுக்கு வருவோர் எங்களிடம் கேட்கும் கேள்வியும் மாறிவிட்டது. "எடையைக் குறைக்க என்ன சாப்பிட வேண்டும்?" என்று கேட்டவர்கள், இப்போது "அந்த ஊசி போட்டால் எத்தனை கிலோ குறையும்?" என்று கேட்கின்றனர்.

இக்கேள்விக்கு விடை உண்டு. ஆனால் அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. எடை எவ்வளவு குறைந்தால் உடலில் எது மாறுகிறது என்பது ஒன்று. அந்த மாற்றம் நிலைக்க எத்தனை காலம் சிகிச்சை தேவை என்பது மற்றொன்று. தீவிர உடற்பருமன் உள்ளவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் இவ்விரண்டையும் விளக்குவதே இப்பக்கத்தின் நோக்கம்.

தீவிர உடற்பருமன் என்பது எது?

உடல் எடையை (கிலோகிராம்) உயரத்தின் (மீட்டர்) இருமடியால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். இந்தியர்களுக்கு இது 23ஐத் தாண்டினால் அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடற்பருமன் எனக் கொள்ளப்படுகிறது. உலக அளவில் 40க்கு மேல், அல்லது உடற்பருமன் சார்ந்த நோய்களுடன் 35க்கு மேல் இருப்பது தீவிர உடற்பருமன். நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வந்துவிடுவதால், இந்தியாவில் அறுவை சிகிச்சை வல்லுநர்கள் 37.5 என்றும், நோய்கள் உடனிருந்தால் 32.5 என்றும் அளவைத் தாழ்த்திக்கொள்கின்றனர். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு 37.5 என்பது 96 கிலோ.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் குறியீட்டெண் 25 அல்லது அதற்கு மேற்பட்டவர்களாக இருந்தனர். நான்காம் சுற்றில் இது முறையே 30.9 ஆகவும் 28.2 ஆகவும் இருந்தது. இவர்களில் பெரும்பாலோருக்குத் தீவிர உடற்பருமன் கிடையாது. இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். ஏனெனில், பொதுமக்கள் அனைவருக்கும் சொல்லப்படும் அறிவுரை, தீவிர உடற்பருமன் உள்ளவருக்குப் போதுமான சிகிச்சை ஆகாது. சமையல் எண்ணெயைப் பத்து விழுக்காடு குறைக்குமாறு பிரதமர் 2025 பிப்ரவரியில் விடுத்த வேண்டுகோள், மக்கள்தொகை முழுமைக்கும் பொருந்தும் நல்ல அறிவுரை. 110 கிலோ எடையுடன் மூச்சுவாங்கியபடி மருத்துவமனைப் படியேறும் ஒருவரிடம் அதை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, எடை குறையாதபோது "வாயைக் கட்டவில்லை" என்று அவர்மீதே பழி போடுவது முறையன்று. தீவிர உடற்பருமனில் மரபணு, ஹார்மோன், பசியை ஆளும் மூளைப் பகுதிகள் ஆகியவற்றின் பங்கு பெரிது. எடை குறையத் தொடங்கியதும் உடல் பசியைக் கூட்டியும் ஆற்றல் செலவைக் குறைத்தும் பழைய எடைக்கே திரும்ப முயல்கிறது. இது மனவுறுதிக் குறைவால் நேர்வது அன்று.

2025 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழுவும் இதையொட்டிய ஒரு கருத்தை முன்வைத்தது. குறியீட்டெண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், மிகைக் கொழுப்பால் உறுப்புகளின் இயக்கமோ அன்றாடச் செயல்களோ பாதிக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும் என்றும், அவ்வாறு பாதிக்கப்பட்டிருந்தால் அதை ஒரு நோயாகவே கருதிச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்றும் அக்குழு கூறியது. குளிப்பது, உடுத்துவது, நடப்பது போன்றவற்றில் ஏற்படும் இடர்ப்பாடும் அதன் அளவுகோல்களுள் ஒன்று. மருத்துவரிடம் "எடை அதிகம்" என்று மட்டும் சொல்லாமல், எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள். சிகிச்சையைத் தீர்மானிக்க அது உதவும்.

ஒவ்வொரு படியிலும் ஒரு நன்மை

160 சென்டிமீட்டர் உயரமும் 110 கிலோ எடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு "இயல்பான எடை" என்பது 60 கிலோவுக்கும் குறைவு. ஐம்பது கிலோ குறைக்க வேண்டும் என்று கேட்டவுடனேயே பலர் முயற்சியைக் கைவிட்டுவிடுகின்றனர். உண்மையில், நன்மைகளுள் பெரும்பகுதி அந்த இலக்குக்கு வெகு தொலைவு முன்னதாகவே கிடைத்துவிடுகிறது.

ஐந்து விழுக்காடு, அதாவது ஐந்தரை கிலோ குறைந்தால் அக்கம்பக்கத்தார் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். நீரிழிவின் முன்நிலையில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், ஏழு விழுக்காடு எடை குறைப்பையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்ட குழுவில் நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. பெண்கள் பலர் வெளியில் சொல்லத் தயங்கும் ஒரு தொல்லை, இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவது. எட்டு விழுக்காடு எடை குறைத்த பெண்களிடம் இக்கசிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2009இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. நெடும்பயணம், திருமண வீடு, கோயில் என எல்லாவற்றையும் இத்தொல்லைக்காகவே தவிர்த்துவரும் பெண்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். எடை குறைப்பின் பயன்களைப் பேசும்போது இதை ஏன் முன்வரிசையில் வைப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

பத்து விழுக்காட்டை நெருங்கும்போது கல்லீரல் கொழுப்பும் அழற்சியும் கணிசமாகக் குறைகின்றன. மூட்டுகளுக்குக் கிடைக்கும் பயன் இன்னும் எளிதாகப் புரியும். எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி எடுத்துவைக்கும்போதும் முழங்காலின்மீது விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. பதினொரு கிலோ குறைந்தவர் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் நாற்பது கிலோவுக்கு மேற்பட்ட சுமையிலிருந்து அவருடைய முழங்கால் தப்புகிறது. சராசரிக் குறியீட்டெண் 40 உள்ள முழங்கால் தேய்மான நோயாளிகளிடம் செமாகுளூட்டைடு மருந்தைச் சோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், நூறு புள்ளி வலி அளவுகோலில் மருந்து பெற்றோருக்கு 41.7 புள்ளிகள் குறைந்தன. அதே ஆய்வில் மருந்தில்லா ஊசியுடன் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை மட்டும் பெற்றோருக்கும் 27.5 புள்ளிகள் குறைந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். ஆலோசனையும் பயிற்சியும் வீணல்ல.

பதினைந்து விழுக்காட்டைத் தாண்டும்போது, நோயைக் கட்டுப்படுத்துவது என்ற நிலையிலிருந்து நோய் தணிவது என்ற நிலைக்கு நகர்கிறோம். பிரிட்டனில் ஆரம்ப சுகாதார மருத்துவமனைகள் வழியே நடந்து 2017இல் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. நீரிழிவு கண்டறியப்பட்டு ஆறாண்டுகளுக்கு உட்பட்டவர்களுக்குச் சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உணவு மருத்துவக் கண்காணிப்புடன் அளிக்கப்பட்டது. ஓராண்டு முடிவில், ஐந்து முதல் பத்து கிலோ குறைந்தவர்களில் 34 விழுக்காட்டினரும், பத்து முதல் பதினைந்து கிலோ குறைந்தவர்களில் 57 விழுக்காட்டினரும், பதினைந்து கிலோவும் அதற்கு மேலும் குறைந்தவர்களில் 86 விழுக்காட்டினரும் மாத்திரையின்றியே சர்க்கரை அளவு இறங்கிய நிலையில் இருந்தனர். நீரிழிவு வந்து பல்லாண்டுகள் ஆனவர்களுக்கு இந்த அளவு பயனை உறுதி கூற இயலாது. அதனால்தான் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறோம்.

உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயும் இந்தப் படியில்தான் பெரிதும் தணிகிறது. பலத்த குறட்டை, இரவில் மூச்சுத் திணறி எழுதல், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். பக்கத்தில் படுத்திருப்பவரே இதை முதலில் அறிவார் என்பதால், பராமரிப்பாளர்கள் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டிய செய்தி இது. டிர்செபடைடு கொண்டு 2024இல் வெளியான ஆய்வில், மணிக்குச் சுமார் ஐம்பது முறை மூச்சு தடைப்பட்டவர்களிடம் அத்தடைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு இது உயிரைக் காக்கும் மாற்றம். லாரியோ ஆட்டோவோ ஓட்டுபவர் இந்த நோயுடன் இருந்தால், எடை குறையும்வரை காத்திராமல் மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் முகமூடிக் கருவியை உடனே பயன்படுத்தத் தொடங்க வேண்டும்.

அன்றாட வாழ்வின் மாற்றங்களை எந்த ஆய்வகமும் அளந்து தருவதில்லை. தரையில் அமர்ந்து எழுவது, இந்திய முறைக் கழிப்பறையைப் பயன்படுத்துவது, பேருந்துப் படியில் ஏறுவது, காலுக்குத் தானே நகம் வெட்டிக்கொள்வது, தொடை மடிப்புகளிலும் மார்பின் கீழும் புண் வராமல் இருப்பது ஆகியவை நோயாளிகள் தாமே சொல்லும் நன்மைகள். 110 கிலோவிலிருந்து 88 கிலோவுக்கு வந்தவரின் குறியீட்டெண் இன்னும் 34தான். அட்டவணைப்படி அவர் உடற்பருமன் உள்ளவரே. ஆனால் அவரால் துணையின்றிக் குளிக்க முடிகிறது. தாயைத் தூக்கி நிறுத்தி முதுகுவலி கண்ட மகளுக்கும் அதனால் ஓய்வு கிடைக்கிறது.

ஊசியா, அறுவை சிகிச்சையா?

இனி, எத்தனை கிலோ என்ற கேள்வி. வாரம் ஒருமுறை செலுத்தும் செமாகுளூட்டைடு ஊசி, 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காடு எடையைக் குறைத்தது. டிர்செபடைடின் உச்ச அளவு, 72 வாரங்களில் சுமார் 21 விழுக்காடு குறைத்தது. இவை சராசரிகள். சிலருக்கு மிகக் குறைவாகவே குறையும். இதய நோய் ஏற்கெனவே உள்ளவர்கள், நீரிழிவு இல்லாதவர்கள் 17,604 பேரிடம் செமாகுளூட்டைடு, மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவற்றை 20 விழுக்காடு குறைத்தது என்ற செய்தியைப் படித்திருப்பீர்கள். அது உண்மை. நூறு பேரில் எட்டுப் பேருக்கு நேர்ந்தது, ஆறரைப் பேராகக் குறைந்தது என்று அதையே சொல்லலாம். இரண்டாவது வடிவத்தில் படித்தால்தான் பயனின் உண்மையான அளவு நமக்குப் பிடிபடும்.

தலைப்புச் செய்திகள் போதிய அளவு சொல்லாதது, ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. செமாகுளூட்டைடை நிறுத்தி ஓராண்டு கவனித்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இறங்கிய இரத்த அழுத்தமும் பெரும்பாலும் பழைய அளவுக்கே ஏறியது. ஆகவே இது நான்கு மாதப் படிப்பு முடிந்ததும் நிறுத்தும் மருந்தன்று. இரத்த அழுத்த மாத்திரையைப் போல, நீண்ட காலம் தொடர வேண்டிய மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பருமனுக்கு இவ்வகை மருந்துகளைப் பரிந்துரைத்தபோதும், அதை நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரையாகவே வைத்தது. நெடுங்காலப் பாதுகாப்பு பற்றிய தரவுகள் குறைவு என்பதும், விலை எளியோருக்கு எட்டாதது என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.

விலையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். டிர்செபடைடு அறிமுகமானபோது தொடக்க அளவுக்கே மாதம் சுமார் 14,000 ரூபாய் ஆனது. நகையை அடகு வைத்து மூன்று, நான்கு மாதம் ஊசி போட்டுவிட்டு, பணம் தீர்ந்ததும் நிறுத்தி, ஓராண்டில் பழைய எடைக்கே வந்துவிட்ட குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு மிஞ்சுவது கடனும் மனச்சோர்வும். விலை குறைந்துவரும் இக்காலத்திலும் என் கருத்து இதுதான்: குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கான செலவைக் குடும்பத்துடன் கணக்கிட்டுப் பார்க்காமல் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். உடற்பயிற்சிக் கூடங்களிலும் அழகு நிலையங்களிலும் இணையத்திலும் மருத்துவரின் சீட்டின்றி விற்கப்படும் ஊசிகளை அறவே தவிர்க்கவும். குளிர்ச்சங்கிலியில் வராத, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத குப்பி அது.

அறுவை சிகிச்சையின் நிலை வேறு. இரைப்பையைக் குழாய் வடிவில் சுருக்கும் முறையிலும், இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கு மாற்றுப்பாதை அமைக்கும் முறையிலும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை குறைகிறது. நெடுங்காலச் சான்றும் இதற்கே அதிகம். சுவீடனில் 1987 முதல் சேர்க்கப்பட்ட சுமார் நாலாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்ததில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடச் சராசரியாக மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். ஆயினும், பொது மக்களின் ஆயுளைவிட அவர்களுடைய ஆயுள் ஐந்தரை ஆண்டுகள் குறைவாகவே இருந்தது. பருமனால் பல்லாண்டுகளில் நேர்ந்த சேதம் முழுவதையும் எந்தச் சிகிச்சையும் துடைத்துவிடுவதில்லை.

அறுவை சிகிச்சையில் உயிரிழப்பு அரிது. தேர்ந்த மையங்களில் ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பேருக்கு நேர்கிறது. மயக்க மருந்து வல்லுநர், தீவிர சிகிச்சைப் பிரிவு, உணவியல் வல்லுநர் ஆகியோர் உள்ள மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது அதனால் இன்றியமையாதது. பின்னர் இரும்புச்சத்து, பி12, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும். அறுவைக்குப் பின் வாந்தி நிற்காமல் தொடர்ந்தால், சில வாரங்களிலேயே தயமின் குறைந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். "செரிக்கவில்லை போலும்" என்று வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. கருத்தரிப்பைப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள் தள்ளிப்போட வேண்டும்.

காப்பீட்டில் ஒரு சிக்கல் உண்டு. தனியார் மருத்துவக் காப்பீடுகளுக்கான ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த அறுவைக்குக் காப்பீடு கோரலாம். 35க்கு மேல் இருப்பின், எளிய முறைகள் பலனளிக்காத நிலையில், பருமன் சார்ந்த இதயத்தசை நோய், இதயத் தமனி நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுக்குள் வராத நீரிழிவு ஆகியவற்றுள் ஒன்றேனும் இருக்க வேண்டும். மருத்துவர்களோ இந்தியர்களுக்கு 37.5, 32.5 என்ற அளவுகளைக் கொள்கின்றனர். மருத்துவக் காரணம் தெளிவாக இருந்தும் காப்பீடு கிட்டாத இடைவெளி ஒன்று இதனால் உருவாகிறது. மேற்கண்ட நோய்கள் உங்களுக்கு இருந்தால், அவை பரிசோதனைச் சான்றுகளுடன் மருத்துவக் குறிப்பில் பதிவாகியுள்ளனவா என்று பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துக்கொள்ளவும்.

எடை குறையும்போது வீட்டில் கவனிக்க வேண்டியவை

எந்த வழியில் எடை குறைந்தாலும், குறைவதில் கால் பங்கு அல்லது அதற்கும் கூடுதலாகத் தசையாகப் போகக்கூடும். முதியவர்களுக்கு இது தடுமாற்றத்தையும் விழுவதையும் கொண்டுவரும். நம் வழக்கமான சாப்பாட்டில் சோறு மிகுதி, புரதம் குறைவு. பசி குறைந்து உண்ணும் அளவு சுருங்கும்போது, தட்டில் முதலில் உண்ண வேண்டியது முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் போன்றவை. சோறு பிறகு. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வது போன்ற எளிய தசைப் பயிற்சியை நாள்தோறும் செய்யலாம். வேகமாக எடை குறைவோருக்குப் பித்தப்பைக் கல் உருவாகலாம். வலது மேல்வயிற்றில் அல்லது முதுகுவரை பரவும் கடும் வலி வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். கணைய அழற்சிக்கும் இதே அறிகுறிதான். குடும்பத்தில் எவருக்கேனும் தைராய்டின் மெடுல்லரி வகைப் புற்றுநோய் இருந்தால் ஊசியைத் தொடங்கக் கூடாது. கருவுற்றோரும், கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் இதைப் பயன்படுத்தக் கூடாது.

மிகுதியாகத் தவறவிடப்படும் ஒன்று உண்டு. எடை குறையக் குறைய, ஏற்கெனவே எடுத்துவரும் மருந்துகளின் தேவையும் குறைகிறது. கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். இரத்த அழுத்த மாத்திரையால், எழுந்து நிற்கையில் தலைசுற்றி விழ நேரிடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதந்தோறும் மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன என்பதால், அளவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. நான்கைந்து கிலோ குறைந்ததும் திட்டத்தின் தன்னார்வலரிடம் அதைத் தெரிவித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையையும் அழுத்தத்தையும் அளந்து, மருத்துவ அலுவலரிடம் மாத்திரை அளவை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். திடீர் வியர்வை, நடுக்கம், குழப்பம் ஏற்பட்டால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்கவும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108 அவசர ஊர்தியை அழைக்கவும். மருந்து குறித்த மற்ற ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.